கடலில் மாண்டாலும் பழி உழைப்பாளி தலையிலா?

தீபாவளியோடு பட்டாசு ஆலைகளின் கதவு சாத்தப்படுகிறது. வருஷம் முழுவதும் மருந்து நெடியில் குனிந்து உட்கார்ந்து குழாய் உருட்டியவளுக்கும், மருந்து செலுத்தியவனுக்கும் கையில் கொஞ்சம் போனஸ் பணம் இருக்கிறது. ஆலை மறுபடி திறக்கும்வரை சில நாள் ஓய்வும் இருக்கிறது. ஆலங்குளத்திலும் வேம்பக்கோட்டையிலும் ஏழாயிரம்பண்ணையிலும் நாலு வீட்டார் சேர்ந்து வேன் பிடிக்கிறார்கள். வேன் எங்கே போகிறது? பெரும்பாலும் திருச்செந்தூருக்கு. தீபாவளி கழிந்ததும் கந்த சஷ்டி. ஆறாம் நாள் சூரசம்ஹாரம், அதுவும் கடற்கரை மணலிலேயே. 2024இல் அது நவம்பர் 7ந் தேதி வந்தது. 2025இல் அக்டோபர் 27ந் தேதி. லட்சக்கணக்கான ஜனங்கள் அந்த மணலில் நிற்கிறார்கள். முருகனைக் கும்பிட வருகிறவனும் வருகிறான். பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது கடலைக் காட்டிவிட வேண்டும் என்று வருகிறவனும் வருகிறான். இரண்டு பேருமே அலையில் இறங்காமல் திரும்புவதில்லை.

கடல் நமக்குப் பழக்கமில்லாதது. 1985 வரை நம் ஊர்கள் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லாவுக்கு நீண்ட கடற்கரை இருந்தது. ஜில்லாவைப் பிரித்தார்கள், கடல் அந்தப் பக்கம் போயிற்று, வெடிமருந்து நம் பக்கம் நின்றது. காகிதத்தில் கடல் நம்முடையதாக இருந்த காலத்திலும் கரிசல் காட்டு ஜனங்கள் அதைக் கண்டார்களா என்பது வேறு விஷயம். ஆலங்குளத்திலிருந்து திருச்செந்தூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் பிள்ளைகள் நீச்சல் படித்தது கண்மாயிலும் கமலைக் கிணற்றிலும். கண்மாய்த் தண்ணீர் நின்ற தண்ணீர். கடல் தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்பதில்லை.

ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் தமிழகக் கடலோரத்தின் ஏதாவது ஒரு மூலையில் போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. மறுநாள் பத்திரிகையில் வாசகம் தயாராக இருக்கிறது: எச்சரிக்கையை மீறிக் குளித்தார்கள், அஜாக்கிரதையாக ஆழத்துக்குப் போனார்கள், விளையாட்டு வினையாயிற்று. அதிகாரிகள் ஒரு பலகை நடுகிறார்கள். இரண்டு நாள் போலீஸ்காரர் தடியுடன் மணலில் நடக்கிறார். அதோடு விவகாரம் முடிந்துவிடுகிறது.

நம் ஜில்லா ஜனங்களுக்கு இந்த வாசகம் புதிதா? 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வெடிகள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். ஒவ்வொரு முறையும் முதலில் எழும் குரல் என்ன? தொழிலாளி மருந்தைக் கவனமில்லாமல் கையாண்டான், உராய்வு ஏற்பட்டது என்பதுதான். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதி இருக்க, அதற்கு மேல் ஆளை அடைத்தது யார்? மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்கியது யார்? லைசென்சை உள்குத்தகைக்கு விட்டது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நம் சங்கங்கள் வளர்ந்தன. தொழிலாளி மேல் பழி போட்டுவிட்டால் பாதுகாப்புக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை என்ற அந்தக் கணக்கைத்தான் இப்போது கடற்கரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆலைக்குள் செத்தால் அஜாக்கிரதை. அபூர்வமாக ஒரு நாள் ஆலையை விட்டு வெளியே வந்து செத்தால் அதுவும் அஜாக்கிரதை!

படித்தவனும் மாண்டான்

"பாமர ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை" என்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2024 மே 6ந் தேதி, கன்னியாகுமரி ஜில்லா கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பேர் அலையில் சிக்கி மாண்டார்கள். அவர்கள் திருச்சியில் டாக்டர் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தவர்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடலுக்குப் போனார்கள். இன்னும் கொஞ்ச நாளில் பிறர் உயிரைக் காக்கப் போகிறவர்கள் அவர்கள். படிப்புக் குறைவா அவர்களைக் கொன்றது?

அன்று கடலில் இருந்தது கள்ளக்கடல். குமரி மீனவர்களும் கேரள மீனவர்களும் வைத்த பெயர் இது. 2012இல் யுனெஸ்கோ வரைக்கும் ஒப்புக்கொண்ட பெயர். இந்துமகா சமுத்திரத்தின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல் கிளப்பிய அலை, பல நாள் ஓடிவந்து நம் கரையில் ஏறுகிறது. கரையில் காற்று இல்லை, மேகம் இல்லை, வானம் வெளுத்துக் கிடக்கும். கடல் மட்டும் திருடனைப் போல் வந்து விழும். பெரும்பாலும் சித்திரை, வைகாசியில், அதாவது பள்ளிக்கூட லீவில் வரும். ஹைதராபாத்தில் மத்திய சர்க்காரின் கடல் தகவல் மையம் ஒன்று இருக்கிறது. அது முன்கூட்டியே எச்சரிக்கை விட்டிருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அந்த எச்சரிக்கை தண்ணீர் ஓரத்தில் நின்ற பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தவில்லை. எச்சரிக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்க ஒரு மனிதன் வேண்டும். அந்த மனிதனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சர்க்கார் பின்வாங்கும் இடம் இதுதான்.

2025 அக்டோபர் 31ந் தேதி எண்ணூர்ப் பகுதிக் கடலில் நான்கு பெண்கள் மூழ்கி மாண்டார்கள். தீபாவளி கழிந்து பதினோராம் நாள் அது. வடகிழக்குப் பருவ மழைக்காலம், வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். நம் ஜனங்களின் ஓய்வு நாளும் கடலின் கோபமும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன என்பதைச் சர்க்காரின் எந்த இலாகாவாவது உட்கார்ந்து யோசித்ததுண்டா?

கடலின் மடை

கடல் எப்படி ஆளை இழுக்கிறது என்பதை நம் விவசாயத் தொழிலாளிக்கு இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். மடையைத் தெரிந்தவன் அவன். அலைகள் வரிசையாக வந்து கரையோர மணல் திட்டைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே? திட்டில் எங்கே பள்ளம் கிடைக்கிறதோ, அங்கே மடை திறந்தாற்போல் ஒரே பாய்ச்சலாக வெளியே ஓடுகிறது. அந்த இழுப்பு வேகம் பிடித்தால் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக்கில் நீந்துகிறவனாலும் அதை எதிர்த்து ஏற முடியாது.

இதில் உள்ள மோசடியைப் பாருங்கள். இந்த மடை இருக்கும் இடத்தில் அலை உடைவதில்லை, நுரை குறைவு. இரண்டு பக்கமும் அலை கொந்தளிக்க, நடுவில் மட்டும் ஒரு பட்டை அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவன் என்ன நினைப்பான்? "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இங்கே இறக்கலாம்" என்றுதான் நினைப்பான். அதாவது பிள்ளைகள் மேல் அக்கறை உள்ள தகப்பன்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறான். அவனையா அஜாக்கிரதைக்காரன் என்பது?

திருச்செந்தூரில் வேறு சங்கடங்களும் உண்டு. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்குகிறது, பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிகின்றன, ஜனங்கள் அதில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், வழுக்கி விழுகிறார்கள், அலை திரும்புகிறது. சமீப வருஷங்களில் கோயில் முன்னால் மணல் அரித்து, படிபோல் செங்குத்தான பள்ளம் விழுந்தது. கால் வைத்த இடத்தில் நேற்றிருந்த மணல் இன்று இல்லை. பாறையில் அடிபட்டுக் கால் ஒடிந்தவர்களையும் அலையில் சிக்கியவர்களையும் தூக்கி வருகிறவர்கள் கோயிலின் கடல் பாதுகாப்புப் பணியாளர்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு நம் வணக்கம். அவர்கள் இல்லாவிட்டால் கணக்கு இன்னும் மோசமாயிருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் எத்தனை பேர்? கோயிலுக்கு 300 கோடி ரூபாய்ப் பெருந்திட்டம் போட்டு, 2025 ஜூலை 7ந் தேதி கும்பாபிஷேகமும் நடத்தினார்கள். நல்லது, யாத்ரீகர்களுக்கு வசதி வேண்டியதுதான். அந்த முன்னூறு கோடியில் உயிர்காக்கும் ஆளுக்கும் படகுக்கும் மிதவைக் கயிற்றுக்கும் எத்தனை ரூபாய் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

லீவு இல்லாதவனின் கடல்

கனவான்கள் கேட்கிறார்கள்: "எல்லோரும் ஒரே நாளில் போய் ஏன் இடிபட வேண்டும்? கூட்டமில்லாத நாளில் போகக்கூடாதா?"

போகலாம், சாமி, லீவு கொடுங்கள்! 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 240 நாள் வேலை செய்தவனுக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்றது. 2025 நவம்பர் 21ந் தேதி அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த புதிய சட்டத்தொகுப்பில் 240 நாளை 180 ஆக்கியிருப்பதாகப் பெருமையடித்துக்கொள்கிறார்கள். ஆஜர்ப் பட்டியலில் பேரே இல்லாத கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு 240 ஆனால் என்ன, 180 ஆனால் என்ன? குரோஸ் கணக்கில் வெடி உருட்டுகிறவள் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டால் அன்றைய கூலி போயிற்று. ராஜபாளையம் நூற்பு மில்லில் ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள். அது துணி துவைக்கவே போதாது. வயலில் களை எடுக்கிறவளுக்குச் சம்பளத்தோடு லீவு என்ற பேச்சே கிடையாது. ஆகவே தீபாவளிக்குப் பின் சில நாள், பொங்கலில் சில நாள், அவ்வளவுதான். ஊரெல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போகிறது என்றால், ஊரெல்லாம் அந்த ஒரு நாளில்தான் அவிழ்த்துவிடப்படுகிறது என்று அர்த்தம்.

இது எங்கும் இப்படித்தான் இருந்தது, தொழிலாளர்கள் போராடி மாற்றுகிறவரை. பிரான்சில் 1936இல் ஆலை ஆலையாக வேலை நிறுத்தம் நடந்தது. மக்கள் முன்னணி சர்க்கார் அந்த ஜூனில் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் போட்டது. ஆயிரமாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் ஜன்மத்தில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தன. "இந்த அழுக்குச் சட்டைக்காரர்கள் நம் கடற்கரைக்கு வந்துவிட்டார்களே" என்று பணக்காரர்கள் முகம் சுளித்தார்களாம். சுளிக்கட்டும்! ருஷ்யாவில் லெனின் 1920 டிசம்பரில் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு கிரிமியாக் கடலோரத்து மாளிகைகளை உழைப்பாளிகளின் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் திருப்பியது. ஜார் சக்கரவர்த்தி காற்று வாங்கிய லிவாடியா அரண்மனை 1925இல் விவசாயிகளின் ஆரோக்கிய இல்லமாயிற்று. கியூபாவில் புரட்சி வென்று நாலாவது மாதத்திலேயே, 1959 ஏப்ரலில், எல்லாக் கடற்கரைகளும் ஜனங்களுக்குப் பொது என்று சட்டம் வந்தது. அதுவரை பல கடற்கரைகள் சீமான்களின் கிளப்புகளுக்குச் சொந்தம். கறுப்புத் தோல்காரன் கால் வைக்க முடியாது. கடற்கரையில் ஓய்வெடுப்பது நமக்கு யாரும் போடுகிற பிச்சை இல்லை. கூலி உயர்வைப்போல், எட்டு மணி நேர வேலையைப்போல், வாங்க வேண்டிய உரிமை.

பலகை நட்டால் போதுமா?

நம் சர்க்கார்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தடை. காணும் பொங்கல் அன்று மெரினாவில் கட்டை கட்டி, ஜனங்களைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. லட்சக்கணக்கானவர்கள் கூடும் அந்த ஒரு நாளுக்கு அது சரி என்று நாமும் ஒப்புக்கொள்கிறோம். குழந்தையைத் தொலைத்த தாயின் கதறலைக் கேட்டவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளுக்கு என்ன செய்கிறீர்கள்? மெரினாவில் போலீஸ் இலாகாவின் உயிர்காப்புப் பிரிவு இருக்கிறது. தலைநகரத்துக்கு வெளியே? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, பதினாலு கடலோர ஜில்லாக்கள். பயிற்சி பெற்ற ஆள் தினமும் சம்பளத்துக்கு நிற்கும் கடற்கரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்தார்கள், பிரதம மந்திரியே வந்து திறந்தார். இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும் அந்த முனையில் இறங்கினால் திரும்ப முடியாது என்பது அங்குள்ள மீனவக் குழந்தைக்கும் தெரியும். சாலை போட்டு ஜனங்களை அழைத்து வந்தவர்கள், அழைத்து வந்த ஜனங்களுக்குக் காவல் போட வேண்டாமா?

"ஆள் வைத்தால் மட்டும் சாவு நின்றுவிடுமா?" என்று ஒரு கேள்வி வரும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துப் பாண்டை கடற்கரையில் 1938 பிப்ரவரி 6ந் தேதி, ஒன்றன்பின் ஒன்றாக வந்த பேரலைகள் ஒரே நேரத்தில் இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கடலுக்குள் இழுத்துப்போயின. கரையில் உயிர்காப்பாளர்கள் திரளாக நின்றிருந்தார்கள். மாண்டவர்கள் ஐந்து பேர். மற்ற அத்தனை பேரும் கரை சேர்ந்தார்கள். அந்த நாட்டில் இன்றும் கடற்கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நடுகிறார்கள். அன்றைக்குக் கடலைப் பார்த்து, மடை இல்லாத இடமாக அளந்து நடுகிறார்கள். இரண்டு கொடிக்கு நடுவே குளித்தால் உன் மேல் ஒரு கண் இருக்கிறது என்று அர்த்தம். "குளிக்காதே" என்ற பலகைக்கும், "இங்கே குளி" என்ற கொடிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவது சர்க்காரைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது ஜனங்களைக் காப்பாற்றுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கையில் போலீஸ் இலாகாவிலேயே உயிர்காப்புப் பிரிவு நடக்கிறது. பக்கத்திலே கேரளத்தில் கோவளம் முதலான இடங்களில் சுற்றுலா இலாகா ஆள் நிறுத்தியிருக்கிறது. கோவாவில் 2008இல் இந்த வேலையை ஒரு தனியார் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தார்கள். உயிர்கள் காக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் உயிர்காத்த தொழிலாளிகள் "எங்களைச் சர்க்கார் வேலையில் எடு" என்று தெருவில் இறங்கிப் போராட வேண்டி வந்ததும் உண்மை. நமக்கு கோவாவின் ஆள் வேண்டும். கோவாவின் காண்ட்ராக்ட் வேண்டாம்.

நீலக்கொடி யாருக்கு?

ஒரு வேடிக்கை கேளுங்கள். டென்மார்க் தேசத்து ஸ்தாபனம் ஒன்று உலகக் கடற்கரைகளுக்கு நீலக்கொடி என்று ஒரு சான்று கொடுக்கிறது. அதற்கு 33 நிபந்தனைகள். தண்ணீர் சுத்தம், கழிப்பறை இவற்றோடு, உயிர்காப்பாளரும் முதலுதவியும் இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. 2021இல் செங்கல்பட்டு ஜில்லாக் கோவளம் அந்தச் சான்றை வாங்கியது. மெரினா, கடலூர் வெள்ளிக் கடற்கரை, நாகையில் காமேசுவரம், ராமநாதபுரத்தில் அரியமான் என்று இன்னும் சில இடங்களைத் தயார் செய்வதாகச் சர்க்கார் அறிவித்தது.

நாம் இதை எதிர்க்கவில்லை. நம் கேள்வி நேரானது. வெளிதேசத்தான் கொடி கொடுப்பான் என்றால் உயிர்காப்பாளரை நிறுத்த முடிகிறது, கழிப்பறை கட்ட முடிகிறது, முதலுதவிப் பெட்டி வைக்க முடிகிறது. ஆலங்குளத்துச் சிமெண்ட் ஆலைத் தொழிலாளியும் வெம்பூர்க் கூலிக்காரனும் வரும் கடற்கரைக்கு மட்டும் அது ஏன் முடியவில்லை? உயிருக்கு மதிப்பு கொடியின் நிறத்தைப் பொறுத்ததா? இன்னொன்றும் சொல்லி வைக்கிறோம். அழகுபடுத்துகிறோம் என்று வேலி போட்டு, வேலிக்குள் போகக் கட்டணம் வைத்து, கட்டணம் கொடுத்தவனுக்கு மட்டும் காவல் என்று ஒரு நாள் வந்து நிற்குமானால், அந்த வேலியைப் பார்த்துக்கொண்டு ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றக் கிளம்பினார்கள். குப்பத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர்கள் மாண்டார்கள். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வந்தபோது, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு என்றார்கள். 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, ஜன நெருக்கமான கிராமக் கடலோரங்களில் கட்டடம் கட்டக்கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 ஆகக் குறைத்தது. சுருங்கிய அந்த 150 மீட்டரில் நாளை யாருடைய ஓட்டல் எழும்பும் என்று நாம் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

மணலுக்குச் சொந்தக்காரர்

மெரினா மணலுக்கு உழைப்பாளியைத் தெரியும். 1923 மே 1ந் தேதி, இந்தியாவிலேயே முதல் மே தினத்தைத் தோழர் சிங்காரவேலர் நடத்தியது சென்னைக் கடற்கரையில்தான். ஐகோர்ட்டுக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். அவர் மீனவர் குலத்தில் பிறந்தவர். 1959இல் அதே கடற்கரையில் நிறுத்திய உழைப்பாளர் சிலையில் நாலு பேர் பாறையைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சிலைக்கு இடம் கொடுத்தவர்கள் உயிருள்ள உழைப்பாளிக்குக் காவல் கொடுக்க யோசிக்கிறார்கள்!

கடலோரத்தில் எங்கே விபத்து நடந்தாலும் முதலில் தண்ணீரில் குதிக்கிறவர் யார்? பக்கத்துக் குப்பத்து மீனவர். வலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார், படகைத் தள்ளிக்கொண்டு போகிறார், சடலத்தைத் தேடவும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலி கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. எந்த மாதம் எந்தக் காற்று, எந்தப் பக்கம் நீர் ஓடும், திட்டு எங்கே உடைந்திருக்கிறது என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை. அந்தக் குப்பத்து இளைஞர்களையும் பெண்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து, சர்க்கார் சம்பளத்தில் நிரந்தர உயிர்காப்பாளராக நியமிக்கச் சொல்கிறோம். மீனவனுக்கு வேலை, நமக்குப் பாதுகாப்பு. கடற்கரையை அழகுபடுத்துகிறேன் என்று மீனவனைத் துரத்துகிறவர்கள் உண்மையில் நம் காவல்காரனைத் துரத்துகிறார்கள்.

குடியைப் பற்றியும் பேசியாக வேண்டும். குடித்துவிட்டுக் கடலில் இறங்கிச் சாகிறார்கள் என்கிறார்கள். சாகிறார்கள்தான், மறுப்பதற்கில்லை. 2003 முதல் சில்லறைக் கடையில் சாராயம் விற்பது யார்? சர்க்காரே அல்லவா? விற்கிற கை ஒன்று, "குடிகாரன்" என்று சுட்டுகிற கை இன்னொன்றா? ஆனாலும் தோழர்களே, இந்த விஷயத்தில் நமக்கு நாமே கண்டிப்பாக இருக்க வேண்டும். வேனில் பாட்டில் ஏறினால் அந்த வேன் கடலுக்குப் போகக்கூடாது.

சர்க்கார் ஆள் போடுகிறவரை நம் ஜனங்கள் சாகக்கூடாது. ஆகவே சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம்; படிக்கத் தெரிந்தவர் வேனில் உரக்கப் படியுங்கள். போன இடத்தில் முதலில் மீனவரைக் கேளுங்கள், "இன்றைக்கு இறங்கலாமா, எங்கே இறங்கலாம்?" என்று. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். சேலை நனைந்தால் காலைச் சுற்றும். பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வரிசையாகக் கைகோத்து நின்றால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் கால் தப்பினால் வரிசையே விழும். இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்தால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். சிக்கியவரைக் காக்க உடனே குதிக்காதீர்கள். ஒருவர் போன இடத்தில் மூவர் போவது இப்படித்தான். மூடிய பிளாஸ்டிக் குடம், காலி கேன், கயிறு எது கிடைத்தாலும் எறியுங்கள். வேனில் ஒரு லாரி டியூபும் நீளக் கயிறும் எப்போதும் கிடக்கட்டும். கரைக்குக் கொண்டுவந்தவர் மூச்சு விடவில்லையென்றால் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மல்லாக்கக் கிடத்தி வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சின் நடுவே பலமாக, விடாமல் அமுக்க வேண்டும். சங்கத்தில் ஒரு டாக்டரை அழைத்து இதை ஒரு தடவை கையால் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்சுக்கு 108, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. வெயிலில் வெகுநேரம் நிற்கும் வயதானவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

தண்ணீரில் மூழ்கி 2023இல் மட்டும் உலகத்தில் மூன்று லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. பத்தில் ஒன்பது சாவு ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும்தான். பணக்கார நாட்டுக் கடலில் அலை இல்லையா? அலை இருக்கிறது; ஆளும் இருக்கிறான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கடல் இல்லாத ஊர்க் கிராம சபைக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று தலைவர்கள் கேட்பார்கள். அங்கே சாகிறது நம் ஊர் ஜனம் என்று சொல்லுங்கள். தீர்மானத்தில் நாலு விஷயம் போதும்: சூரசம்ஹாரம் முடிந்து ஒரு மாதம் வரையிலும், சித்திரை, வைகாசி லீவிலும் திருச்செந்தூர், கன்னியாகுமரி, ராமேசுவரம் கடற்கரைகளில் கூடுதல் உயிர்காப்பாளரும் படகும் நிறுத்த வேண்டும், குளிக்கும் இடத்தைத் தினமும் அளந்து கொடி நட வேண்டும், உயிர்காப்பாளர் பணி மீனவக் கிராமத்தாருக்கு நிரந்தரச் சர்க்கார் வேலையாக வேண்டும், கடல் எச்சரிக்கை வந்தால் அது கரையோடு நிற்காமல், வேன் கிளம்பும் நம் ஊர் ஊராட்சி ஒலிபெருக்கிக்கும் வந்து சேர வேண்டும். தீர்மான நகலில் கையெழுத்து வாங்கி, ஒன்றை நம் ஜில்லாக் கலெக்டருக்கும், ஒன்றைத் தூத்துக்குடிக் கலெக்டருக்கும், ஒன்றை நம் பத்திரிகைக்கும் அனுப்புங்கள்.